அசனப் பந்திக்கு டோக்கன் வேண்டாம்: எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்தபோது நான் மூன்றாவது வரிசையில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தேன். இந்த வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு, அதாவது கோயில் பிரதிஷ்டையான நாளைக் கொண்டாடி ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, டோக்கன் உண்டு. சபைக்குக் கட்டுகிற சங்கக் காணிக்கையில் பாக்கி வைக்காத குடும்பங்களுக்குத் தலைக்கு ஒன்று. டோக்கன் இல்லாதவர்களைக் கேட்டுக்குள் விடுவதில்லை என்றார்கள். அதே மூச்சில் ஒரு கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் காது அடைத்துப் போனது.

கூட்டத்தில் எழுந்து பேசலாம். ஆனால் பேசினால் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் பழைய டீச்சர் தொனி வந்துவிடும். கமிட்டியில் பாதிப் பேர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் திறந்த மடலாக.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். போன வருஷம் நாலாவது பந்தியில் கறி தீர்ந்தது, அது நிஜம். ஐந்தாவது பந்திக்கு வெறும் கத்திரிக்காய்க் குழம்பும் ரசமும்தான். வெளியூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, தூக்குவாளி நிறைய வாங்கிப் போனவர்களை நானும் பார்த்தேன். குடித்துவிட்டு வந்த இரண்டு பேர் பந்தல் காலைப் பிடித்து ஆட்டினார்கள். ஆட்டுக்கறி விற்கிற விலையில் கணக்கு எழுதுகிற பொருளாளருக்கு வயிறு எரியத்தான் செய்யும். இதை எல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் டோக்கன் போட்டால் நின்றுபோவது தூக்குவாளிக்காரர்கள் அல்ல. அவர்கள் எப்படியாவது ஒரு டோக்கன் தேற்றிவிடுவார்கள். நின்றுபோவது யார் என்று போன வருஷத்து வரவு நோட்டை எடுத்துப் பாருங்கள். சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து அரிசி வந்திருக்கிறது. பஜாரில் பேக்கரி வைத்திருக்கிற பாய் எண்ணெய் டின் கொடுத்திருக்கிறார். அவர் அப்பா காலத்திலிருந்து கொடுக்கிறார்கள். கீழத்தெருவிலிருந்து விறகு. இவர்கள் யாரும் சங்கக் காணிக்கை கட்டுகிறவர்கள் இல்லை. இவர்களுடைய அரிசியும் எண்ணெயும் விறகும் கேட்டைத் தாண்டி உள்ளே வரலாம், ஆட்கள் மட்டும் வரக்கூடாது என்றால், ஐயா, அந்த அறிவிப்பை மைக்கில் எப்படி வாசிப்பீர்கள்?

(மைக் என்றதும் இன்னொன்று. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஒரு மணி நேரம் வாசிக்கிற வழக்கத்தை வேண்டுமானால் நிறுத்துங்கள். அதற்கு நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.)

நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்றால் என்ன என்பதை வெளியூரில் வளர்ந்த இளம் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலமே நம் சபைக் கோயிலுக்குப் பின்னால் மண்ணை வெட்டி நீள அடுப்பு போடுவார்கள். ராத்திரி முழுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் பரிமாறப்படும். பாதிக் கல்யாணங்கள் அங்கேதான் பேசி முடியும். விடியற்காலை வார்ப்பு என்கிற பெரிய அண்டாவில் சோறு கொதித்து, வடித்து, பாயில் மலை மாதிரி கொட்டுவார்கள். அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போது வருகிற வாசனையை நான் இன்னும் வேறெங்கும் கண்டதில்லை. குருவானவர் ஐயர் வந்து ஜெபித்து முடித்ததும் வாலிபர்கள் நார்ப்பெட்டியில் அள்ளிக்கொண்டு பந்திக்கு ஓடுவார்கள். வாழை இலையில் விழுகிற முதல் அள்ளு யாருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்த வரிசையில் பக்கத்தில் இருப்பவர் யார் என்பது குழம்பு ஊற்றும்போதுதான் தெரியும்.

யாரும் பார்ப்பதில்லை என்று எழுதிவிட்டேன். முழுக்க உண்மை இல்லை. என் சிறுவயதில் கீழத்தெருக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். யாரும் சொல்லி அல்ல, சொல்லாமலே அப்படி. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே கடிதம் எழுதினார். அதை எதிர்த்துக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே போனவர்களும் உண்டு. நூற்றைம்பது வருஷம் கழித்தும் நம் பந்தியில் அது பாக்கி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சபை ஊழியத்துக்கு வந்த ஒரு உபதேசியார் முதல் பந்தியிலேயே கீழத்தெருப் பெரியவர் ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மூன்று குடும்பங்கள் அந்த வருஷம் சாப்பிடாமல் போய்விட்டன. அடுத்த வருஷம் வந்தார்கள். பசி என்று சொல்லிவிடலாம், ஆனால் கறிக்குழம்பு வாசனை என்று நான் நினைக்கிறேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த பந்தி இது. டோக்கன் வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது அந்தத் தெருதான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே பல வீடுகளில் காணிக்கை பாக்கி இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று வீட்டுச் சந்திப்புக்குப் போனால் தெரியும்.

நம் ஊர்களே எப்படி உண்டாயின? 1799-இல் முதலூர் எழும்பியது, விசுவாசத்துக்கு வந்ததால் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் விரட்டப்பட்டவர்களுக்காக. டேவிட் சுந்தரானந்தம் என்ற நம் ஊர்ப்பக்கத்து உபதேசியார் முன்னின்று அந்த இடத்தை ஏற்படுத்தினார். அடுத்த தலைமுறையில் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கியதும் இப்படி இடம் இல்லாதவர்களுக்காகத்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தொழில் கற்றுக்கொடுத்த ஊர் நம் பக்கத்து நாசரேத். நம்முடைய பாட்டன் பூட்டன் யாராவது ஒருவர், ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே வா என்று ஒருவர் சொன்னதால்தான் நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, பட்டுச்சேலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

வெள்ளாளன்விளை எவ்வளவு தூரம்? சைக்கிளில் போய்விடலாம். அங்கே 1874-இல் பிறந்த அசரியா ஐயா 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் நின்று பேசினார். உங்கள் பொருளை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடம்பையே கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இரண்டு வருஷம் கழித்து தெலுங்குப் பகுதியின் தோர்ணக்கல்லுக்கு முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அவர் படத்தை வேதாகமப் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறோம், வருஷா வருஷம் மாலை போடுகிறோம். அவர் சொன்னதை இன்றைக்கு நம் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒருவர் நம்மிடம் சொன்னால் என்ன பதில் சொல்வோம்?

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. குளம் உடைந்து ராத்திரி தண்ணீர் வந்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை. கோயில் மணியும் சாவியும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை எழுந்துபோய் மணி அடித்தார். கையில் சாவி இருந்ததால் கேட்டைத் திறந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. நம் ஊரில் மேடு அந்தக் கோயில் ஒன்றுதான். எல்லாத் தெருவும் வந்தது. பாய் குடும்பத்துப் பெண்கள் ஞாயிறு பள்ளி அறையில், சுடலைமாடன் கோயில் பூசாரியும் அவர் அம்மாவும் பாடகர் பெஞ்சில். யாரோ ஒருவர் ஒரு சினை ஆட்டைக் கொண்டுவந்து நற்கருணைக் கிராதியில் கட்டிவிட்டார். காலையில் அது பீடத்து விரிப்பின் ஓரத்தைத் தின்றிருந்தது. அசன வார்ப்புகளை இறக்கி, கஞ்சி வைத்து, இரண்டு நாள் சாப்பிட்டோம். பேக்கரியில் நனையாமல் தப்பிய பன் மூட்டையைப் பாய் தலையில் சுமந்து கொண்டுவந்தார். ஒருவரிடமும் டோக்கன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டு வாடையோடுதான் ஆராதனை நடந்தது. அன்றைக்கு ஐயா பிரசங்கத்தில் அழுதீர்கள். நான் மறக்கவில்லை.

அந்தக் கேட்டில்தானே இப்போது இரண்டு பேரை நிறுத்தி டோக்கன் பார்க்கச் சொல்கிறீர்கள்?

சரி, கறி தீர்ந்துபோகிற பிரச்சினைக்கு என்ன செய்யலாம்? கறியைக் குறையுங்கள், பருப்பைக் கூட்டுங்கள். சாம்பார் அசனம் போடுகிற சபைகள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே யாரும் பசியோடு போவதில்லை. பந்தி முடியும்வரை பார்சல் கிடையாது என்று ஒரு போர்டு வையுங்கள். தூக்குவாளிக்கு அது போதும். குடித்துவிட்டு வருகிறவர்களை வாலிபர் சங்கம் பார்த்துக்கொள்ளும், போன வருஷமும் அவர்கள்தானே பார்த்தார்கள். வரவு நோட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், எந்தத் தெருவாக இருந்தாலும், கமிட்டியில் இரண்டு பேர் நேரில் போய் அழைப்புச் சொல்லுங்கள். அழைப்பின்பேரில் வருகிறவர் வாளி தூக்கி வரமாட்டார்.

கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைப் பவுல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் வேதம் படித்தவர்கள். நான் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள்.

வழக்கம்போல இந்த வருஷமும் என் பங்கு ஒரு மூட்டை அரிசி. கடையில் சொல்லிவைத்துவிட்டேன். டோக்கன் உறுதி என்றால் புதன்கிழமைக்குள் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். மூட்டையைக் கோயிலுக்கு அனுப்ப மாட்டேன். கேட்டுக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தடியில் அடுப்பு வெட்டிக்கொள்கிறேன். வெங்காயம் உரிக்க நாலு பேர் ஏற்கனவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் கமிட்டி அங்கத்தினர்களின் வீட்டுக்காரிகள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மூன்றாம் வகுப்பு டீச்சர்