மூன்று நிமிட ஓட்டை

பெரியகுளம்
ஜூலை 2025

அன்புள்ள கதிருக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பற்றி நீ அனுப்பிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கிடைத்தது. போனில் எழுத்து எறும்பு சைஸில் தெரிந்ததால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டேன். 34 பக்கம். "என்ன சார், சொத்து கேஸா?" என்று கேட்டார் கடைக்காரர். அம்மா முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் என் கைக்கு வந்தது.

போனில் பேசினால் பாதியிலேயே "டேட்டா அப்படிச் சொல்லலைப்பா" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

படங்கள், அட்டவணை எல்லாம் நன்றாக இருக்கின்றன. எனக்குச் சண்டை பன்னிரண்டாம் பக்கத்தோடு மட்டும்தான். சீசன் நடுவில் செய்கிற டிரேட் (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது), ஒரு அணி பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுகளுக்குள் நுழையும் வாய்ப்பைச் சராசரியாகப் பெரிதாக மாற்றுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கணக்கு எனக்கும் புரிகிறது. பிப்ரவரி ஆரம்பத்தில் டிரேட் கதவைச் சாத்தும்போது 82 ஆட்டத்தில் 50 முடிந்திருக்கும். மிச்சம் முப்பது சொச்சம். வந்தவன் பத்து ஆட்டத்துக்கு ஒன்று கூடுதலாக ஜெயித்துக் கொடுத்தாலும் மொத்தம் மூன்று வெற்றி. பத்தாம் இடத்துக்கு முட்டிமோதுகிற அணிக்கு அந்த மூன்று உயிர். இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.

சரி. ஆனால் பிளேஆஃபுக்குள் நுழைவதையும் உள்ளே போய்த் தாக்குப்பிடிப்பதையும் நீ ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறாய். சீசனில் இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். எதிரணிக்கு உன்னை உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. பிளேஆஃபில் அதே ஆட்கள் இரண்டு வாரத்தில் ஏழு தடவை வரை எதிரே நிற்பார்கள். பத்துப் பேரை வைத்து ஆடுகிற கோச் ஏழெட்டுப் பேராகக் குறைத்துவிடுவார். சீசன் முழுக்க யார் கண்ணிலும் படாத ஓட்டையில் அப்போதுதான் தினமும் விரலை விடுவார்கள். நல்ல டிரேட் என்பது அந்த ஓட்டையை அடைக்கிறது. அந்த வேலைக்கு உன் அட்டவணையில் கட்டமே இல்லை.

நீ இப்போது இருக்கிற டொரன்டோவையே எடுத்துக்கொள். 2019 பிப்ரவரியில் கிழக்குப் பிரிவில் ஒரே வாரத்தில் மூன்று பேர் சந்தைக்குப் போனார்கள். பிலடெல்பியா டோபையாஸ் ஹாரிஸை வாங்கியது. நவம்பரிலேயே ஜிம்மி பட்லரை வாங்கியிருந்தது. மில்வாக்கி, நிகோலா மிரோடிச்சை. டொரன்டோ, மெம்பிஸிலிருந்து மார்க் கசோலை. அவருக்காக வலன்சியூனஸ், டெலான் ரைட், சி.ஜே. மைல்ஸ் மூவரையும் கொடுத்தார்கள், கூடவே புது ஆட்களை எடுக்கிற டிராஃப்டில் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை. கசோலுக்கு அப்போது 34 வயது. நாலாவதாக பாஸ்டன், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

கசோலின் கதையே வேடிக்கை. 2008 பிப்ரவரியில் அவருடைய அண்ணன் பாவ் கசோலை மெம்பிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது, பதிலுக்கு வந்த சரக்கில் ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த இந்தத் தம்பியின் உரிமையும் ஒன்று. அண்ணன் போன கையோடு லேக்கர்ஸ் அந்த வருஷமே ஃபைனல் ஆடியது, 2009, 2010 இரண்டிலும் பட்டம் வாங்கியது. பதினொரு வருஷம் கழித்து தம்பியும் அதே மாதிரி பிப்ரவரியில் மூட்டை கட்டினார்.

மெம்பிஸில் ஆட்டத்துக்குப் பதினைந்து பாயிண்டுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தவர் டொரன்டோவில் பத்துக்கும் கீழே வந்தார். நீ அதைப் பார்த்துத்தான் 'சிறு லாபம்' என்று போட்டிருக்கிறாய். அவரை வாங்கினதே பாயிண்டுக்கு இல்லையடா. முதல் சுற்றில் ஆர்லாண்டோவின் வூசெவிச், சீசனில் இருபதுக்கு மேல் சராசரி வைத்திருந்தவர், கசோல் எதிரே நின்றதும் ஏறக்குறைய பாதியாகிவிட்டார். அடுத்த சுற்றில் பிலடெல்பியாவின் எம்பீட். சீசனில் 27.5, அந்தத் தொடரில் 17.6. எம்பீடுக்கு உடம்பும் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடுப்பைத் தாழ்த்தி, முன்கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டு, பந்து வருவதற்கு முன்னாலேயே அவரை ஓர் அடி வெளியே தள்ளி நிற்கவைத்தாரே கசோல், அந்த ஓர் அடியை யார் எண்ணினார்கள்? நம் பள்ளி மைதானத்தில் பசங்களுக்கு இருபத்தேழு வருஷம் நான் கத்திக் கத்திச் சொன்னது அதுதான்.

பிலடெல்பியா தொடரின் ஏழாவது ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்கு ஆரம்பித்தது. ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பவேண்டியவன் யூனிஃபார்மோடு டி.வி. முன்னால் நின்றாய். 90-90, மிச்சம் 4.2 விநாடி. ஓரக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே கொடுத்தவர் கசோல். பந்தை வாங்கின டொரன்டோவின் நட்சத்திரம் லெனார்ட் வலது மூலைக்கு ஓடி எம்பீடின் கைக்கு மேலே தூக்கிப் போட்டார். பந்து வளையத்தில் நாலு தடவை குதித்து உள்ளே விழுந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பால்காரர் மணி அடிக்க, அம்மா "யாராவது போய் வாங்குங்களேன்" என்று கத்தினாள். அன்றைக்குப் பால் திண்ணையிலேயே இருந்தது.

எல்லாரும் அந்த நாலு குதியலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பேசுவது வேறு. அந்த ஆட்டத்தில் எம்பீட் 45 நிமிடம் களத்தில் இருந்தார். அந்த 45 நிமிடத்தில் பிலடெல்பியா பத்துப் பாயிண்ட் முன்னால். தோற்றது இரண்டு பாயிண்டில். அப்படியென்றால் அவர் தண்ணீர் குடிக்கப் போன மூன்று நிமிடத்தில் பன்னிரண்டு பாயிண்ட் போயிருக்கிறது. அந்த சீசனில் இரண்டு பெரிய டிரேட் செய்த அணி அது. இரண்டு பெரிய பெயர் வந்தது. பெரியவர் உட்காரும் மூன்று நிமிடத்துக்குக் கூடையைக் காக்க நம்பகமான ஓர் ஆள் வரவில்லை.

மிரோடிச் கதையும் அப்படித்தான். 60 ஆட்டம் ஜெயித்த மில்வாக்கி, டொரன்டோவிடம் 2-0 முன்னிலையை விட்டுவிட்டு 4-2ல் தோற்றது. ஐந்தாவது ஆட்டத்துக்குள் அவர் முதல் ஐவரிலிருந்து இறங்கியிருந்தார். சும்மா இருந்த பாஸ்டனை அதற்கு முந்தைய சுற்றிலேயே இதே மில்வாக்கி 4-1ல் அனுப்பிவிட்டது. ஹாரிஸை விற்ற கிளிப்பர்ஸைக் கேட்டால் சிரிப்பாய். 'கை கழுவிவிட்டார்கள்' என்று எல்லாரும் சொன்ன அணி, 48 வெற்றியோடு உள்ளே வந்து, நடப்புச் சாம்பியன் கோல்டன் ஸ்டேட்டிடம் ஓர் ஆட்டத்தில் 31 பாயிண்ட் பின்தங்கி, அதையும் திருப்பி ஜெயித்தது. கடைசியில் அவர்களை முன்னுக்குக் கொண்டுவந்த த்ரீ பாயிண்டைப் போட்டது யார்? ஹாரிஸுக்குப் பதிலாக வந்த சின்னப் பையன் ஷாமெட்.

(லெனார்டை டொரன்டோ வாங்கியது முந்தின கோடையில். அவர் இல்லாமல் அந்த வருஷம் டொரன்டோ வாங்கிய சாம்பியன் கோப்பை இல்லை. கசோல்தான் வாங்கிக் கொடுத்தார் என்று நான் சொன்னதாக ரிப்போர்ட்டில் எழுதிவிடாதே.)

நானே இந்தத் தப்பைச் செய்தவன். உனக்கு இதைச் சொன்னதில்லை. உனக்கு முன்னால், எனக்குக் கல்யாணம்கூட ஆகாத காலம். பக்கத்து ஊர் டோர்னமெண்டில் நம் டீம் செமி ஃபைனல் வந்துவிட்டது. நான்தான் கேப்டன். ஆசை யாரை விட்டது? மெட்ராஸ் காலேஜில் ஆடுகிற ஆறடி நாலு அங்குல ஆளை கெஸ்ட் பிளேயராகப் பஸ் காசு கொடுத்து வரவழைத்தோம். கூடையடியில் நிற்கிற நம்ம போஸ்ட் ஆள் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவன். அவனை வெளியே உட்கார வைத்தேன்.

நமக்கு ஸ்கிரீன் போட, அதாவது எதிராளியை மறித்து நிற்க, ஊர்ப் பெயர்தான் சங்கேதம். 'தேனி' என்றால் இடப்பக்கம், 'போடி' என்றால் வலப்பக்கம். மத்தியானம் அரை மணி நேரம் விருந்தாளிக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஆட்டம் சூடு பிடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது அவனுக்கு. பந்தைக் கொண்டுவருகிற எங்கள் கார்டு ஆட்டக்காரன் மேலேயிருந்து "போடி, போடி" என்று கத்துகிறான். மெட்ராஸ்காரன் திரும்பி, "யாரைடா போடிங்கிற?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். ரெஃப்ரி விசில் ஊதிச் சமாதானம் செய்யவேண்டியதாகிவிட்டது. அவன் இருபது பாயிண்டுக்கு மேல் போட்டான், நாங்கள் தோற்றோம். உன் அட்டவணையில் அவன் 'பெரிய லாபம்'. பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்த மில்காரன் அடுத்த ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

என் மெட்ராஸ்காரன் கதையைப் பெரிய பணத்தில் செய்தவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ், கெவின் டுரான்டுக்காக மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நாலு முதல் சுற்றுத் தேர்வு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தது. சீசனில் டுரான்ட் அவர்களுக்கு ஆடிய எட்டு ஆட்டமும் வெற்றி. இரண்டாம் சுற்றில் டென்வர் 4-2ல் முடித்துவிட்டது. ஓடி ஓடிக் காத்த இருவரைக் கொடுத்தபின் பெஞ்சில் என்ன மிச்சம் இருக்கும்? அதே மாதம் டல்லாஸ், கைரி இர்விங்குக்காகத் தன் நல்ல காவல்காரன் ஃபின்னி-ஸ்மித்தைக் கொடுத்தது. 38-44 என்று முடித்து பிளேஆஃபுக்கே வரவில்லை.

அதே டல்லாஸ் அடுத்த பிப்ரவரியில் பெரிய பெயர் பக்கமே போகவில்லை. பி.ஜே. வாஷிங்டன், டேனியல் காஃபர்ட் இருவரை வாங்கியது. காஃபர்டும் புதுப் பையன் லைவ்லியும் மாறி மாறி நின்று ஆட்டத்தின் பெரும்பகுதியும் கூடையடியைப் பார்த்துக்கொண்டார்கள். பிலடெல்பியாவின் மூன்று நிமிட ஓட்டை இங்கே இல்லை, கவனி. ஓக்லஹோமாவோடு ஆறாவது ஆட்டம், 2.5 விநாடி இருக்க ஃப்ரீ த்ரோ போட்டு 117-116 என்று முடித்தவர் வாஷிங்டன். ஃபைனலில் பாஸ்டனிடம் தோற்றது வேறு கதை.

டிரேட் நடக்காமலே கெடுவதும் உண்டு. 2019லேயே லேக்கர்ஸ், ஆண்டனி டேவிஸுக்காகத் தன் இளம் பசங்களையெல்லாம் கொடுக்கப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. இண்டியானாவில் அந்தப் பசங்களில் ஒருவரான இங்ராம் ஃப்ரீ த்ரோ போட நிற்கையில், "லெப்ரான் உன்னை வித்துடுவாரு" என்று கூட்டமே பாடியது. அன்று 42 பாயிண்டில் தோற்றார்கள். லெப்ரானின் காயமும் சேர்ந்துகொள்ள, அந்த வருஷம் பிளேஆஃப் இல்லை. டிரேட் அப்போது நடக்கவே இல்லை, கோடையில்தான் நடந்தது. உன் கணக்கில் அது பூஜ்யம்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. இந்த வருஷம் கோல்டன் ஸ்டேட் 25-25 என்று தத்தளித்தபோது பட்லர் வந்தார், 23-9 என்று முடித்தார்கள். நட்சத்திரம்தான். அதனால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனால் அவர்கள் ஸ்டெஃபன் கரி ஒருவரையே நம்பி, ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போக ஆளில்லாமல் இருந்த அணி என்பதையும் பார். ஏழாம் இடத்திலிருந்து ஹூஸ்டனை ஏழு ஆட்டத்தில் வென்றார்கள். மினசோட்டாவோடு முதல் ஆட்டத்திலேயே கரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது, அதோடு சரி. லூக்கா டான்சிச்சை வாங்கி மேற்கில் மூன்றாம் இடம் பிடித்த லேக்கர்ஸையும் இதே மினசோட்டாதான் முதல் சுற்றிலேயே 4-1ல் அனுப்பியது. டான்சிச்சுக்காக டேவிஸைக் கொடுத்த லேக்கர்ஸிடம் நடுவில் நிற்க ஆள் இல்லை. கடைசி ஆட்டத்தில் கோபேர் 27 பாயிண்ட், 24 ரீபவுண்ட் எடுத்தார்.

ஆகவே ரிப்போர்ட்டை இரண்டாகப் பிரி. உள்ளே நுழைவது ஒன்று, உள்ளே நிலைப்பது ஒன்று. இரண்டாவதில், முக்கியமானவன் பெஞ்சில் உட்காரும் நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று டிரேடுக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார். அப்புறம், கொடுத்த ஆள் எந்த வேலை செய்துகொண்டிருந்தான் என்பதற்கும் ஒரு கட்டம் போடு. உன் வாத்தியார் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சொல்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், உன் சிநேகிதன் ஆகஸ்டில் வரும்போது கொடுத்துவிடுகிறோம். கணுக்கால் வீக்கம் வடிந்ததா? சிமெண்ட் தரையில் ஆடாதே.

திருத்தினதும் அனுப்பு. இந்தத் தடவை சுருக்கமாக இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறார்.

அன்புடன்,
அப்பா