31-0-இல் தோசை வார்க்கப் போனவனுக்கு

கிராண்ட் ராப்பிட்ஸ்,
25 ஜனவரி 2026

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேஜை மேல்தான் கிடக்கிறது. அதன் மேல் கரண்ட் பில், அதற்கு மேல் பல் டாக்டர் பில். திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். வசந்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அம்மா ஊரிலிருந்து தினமும் போன் பண்ணி, பனியில் வெளியே போகாதே என்கிறாள், ஏதோ நான் ஆசைப்பட்டுப் போகிற மாதிரி. கல்யாணி வேலை மாறியதை நாகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ சொல்லவில்லை. ஆக உன் பக்கம் ஒரு குறை, என் பக்கம் ஒரு குறை, கணக்கு நேர்.

முதலில் கடன். அமெரிக்கன் ஃபுட்பாலில் சின்னக் கல்லூரியிலிருந்து போன குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவன்) டிரினிடாட் சாம்ப்ளிஸ் ஓல் மிஸ்ஸில், அதாவது மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில், பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டான் என்று ஆகஸ்டில் ஒரு மூட்டை பொன்னி பந்தயம் கட்டியது நான்தான். ஸ்டார்ட்டருக்குக் கணுக்காலில் அடிபட்டது, இவன் உள்ளே வந்தான், அப்புறம் வெளியே போகவே இல்லை. அக்டோபரில் தங்களைத் தோற்கடித்த அதே ஜார்ஜியாவை ஜனவரி 1-ஆம் தேதி சுகர் பௌலில், தேசியக் கோப்பையின் காலிறுதியில், 39-34 என்று ஜெயித்தார்கள். அதற்குள் அவர்களுடைய தலைமைக் கோச்சே எல்எஸ்யு என்கிற லூசியானா ஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார், கவனி. அரையிறுதியில் மயாமியிடம் 4 புள்ளியில் தோற்றபோது, பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நின்ற நானே சோபாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அரிசி வரும். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல், உனக்குப் பழைய அரிசிதான் ஆகும் என்று தெரியும்.

எனக்கு வெட்கம் என்னவென்றால் இவன் எங்கள் ஊர்ப் பையன். ஃபாரஸ்ட் ஹில்ஸ் நார்தர்ன் பள்ளி, எங்கள் வீட்டிலிருந்து மளிகைக்கடைக்குப் போகிற தூரம். அவன் முன்பு ஆடிய ஃபெரிஸ் ஸ்டேட் கல்லூரியும் ஒரு மணி நேர டிரைவ், பிக் ராப்பிட்ஸில். 2024-இல் பையன் கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். சின்ன மைதானம். அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் முதுகு வரை ஏறும். கோச் கத்துவது, தோள்பட்டைக் கவசங்கள் மோதுவது எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். சாம்ப்ளிஸ் ஒரு பாஸுக்காகப் பின்னால் போனான். இடது பக்கம் லைன் உடைந்து ஒருத்தன் முழு வேகத்தில் வந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் இவன் ஒரு சுற்றுச் சுற்றி வலது பக்கம் ஓடி, ஓடுகிற கால் தரையில் ஊன்றாமலே பந்தை எறிந்தான். கார்த்திக் எழுந்து நின்றுவிட்டான். "எதிராளி மெதுவானவன்டா, அதனால்தான்" என்று சொல்லிவிட்டு நான் காபி வாங்கப் போனேன். அந்த வருஷம் அவர்கள் டிவிஷன் 2, அதாவது இரண்டாம் அடுக்குக் கல்லூரிகளின், சாம்பியன். அவன் மட்டும் பந்தை எறிந்து 26, தானே ஓடி 25 டச்டவுன், அதாவது எல்லைக்குப் பந்தைச் சேர்த்தது. காபி சகிக்கவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சரி, இதெல்லாம் முன்னுரை. எழுத உட்கார்ந்தது கார்த்திக் விஷயமாக. பிப்ரவரி 4, புதன்கிழமை கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடுகிற நாள். பள்ளியில் இரண்டு வருஷம் பெஞ்சில் இருந்தவனுக்குக் கடைசி வருஷம்தான் இடம் கிடைத்தது, நன்றாகவே ஆடினான், வீடியோ அனுப்பியிருந்தேனே. இப்போது கையில் இரண்டு வழி. ஒரு பெரிய பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், வா, பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறோம், ஸ்காலர்ஷிப் கிடையாது என்கிறது. ஒரு சின்ன டிவிஷன் 2 கல்லூரி கிட்டத்தட்ட பாதிச் செலவை ஏற்கிறது, இரண்டாம் வருஷத்திலேயே ஆட வாய்ப்பு என்கிறது. டிவிஷன் 2-இல் மொத்த அணிக்கும் 36 ஸ்காலர்ஷிப்தான், அதைத்தான் தேங்காய்ச்சில்லு மாதிரி நூறு பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். அதில் பாதி என்பது பெரிய மரியாதை. வசந்தி சின்னதுக்கு ஓட்டு. நானும்தான். கார்த்திக்கும் சின்னதுக்குத்தான் ஓட்டு! அப்புறம் என்ன பிரச்சினை என்பாய்.

பிரச்சினை பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. திருப்பதி காந்தத்தை வைத்து ஒரு தாள் ஒட்டியிருக்கிறான், சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போன குவார்ட்டர்பேக்குகளின் பட்டியல். கேம் வார்ட்: இன்கார்னேட் வேர்ட், அங்கிருந்து அம்புக்குறி போட்டு வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி. டியேகோ பாவியா: ஜூனியர் காலேஜ், நியூ மெக்சிகோ ஸ்டேட், வாண்டர்பில்ட். கர்ட்டிஸ் ரூர்க்: ஒஹாயோவிலிருந்து இண்டியானா. சாம்ப்ளிஸ். கீழே அவன் பெயர், சின்னக் கல்லூரியின் பெயர், ஓர் அம்புக்குறி, அம்புக்கு முன்னால் வெற்றுக்கட்டம். "ரெண்டு வருஷம்பா, அப்புறம் போர்ட்டல்" என்கிறான், அதாவது கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கிற பட்டியல். சேருவதற்கு முன்னாலேயே கிளம்புகிற நாள் குறித்துவிட்டான்.

அந்தத் தாளில் உன் ஆள் வெர்னான் ஆடம்ஸ் இல்லை. கார்த்திக்குக் கோபம் வருமே என்று நான் சொல்லவில்லை, ஆனால் சின்ன இடத்தில் ஆடியவன் பெரிய இடத்தில் நிற்பானா என்ற கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை முழுப் பதிலும் உன் யூஜீன் நகரத்திலேயே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வருஷம், ஒரே கல்லூரி, உங்கள் ஆரிகன், ஒரே மாதிரி சின்ன இடத்திலிருந்து வந்த இரண்டு பையன்கள். வேறு எங்கேயாவது இவ்வளவு சுத்தமான சோதனை கிடைக்குமா?

ஈஸ்டர்ன் வாஷிங்டனிலிருந்து ஆடம்ஸ் வந்தது 2015. வருவதற்கு முன்பே அவன் யாரென்று தெரியும். 2013-இல் தரவரிசையில் இருந்த ஆரிகன் ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 49-46 என்று சாய்த்தவன். மறு வருஷம் வாஷிங்டனுக்கு எதிராக 7 டச்டவுன் எறிந்து, அப்படியும் 59-52 என்று தோற்றவன். ஒரு கணக்குப் பரீட்சை முடிவுக்காக ஆகஸ்டு நடுவில்வரை காத்திருந்து உங்கள் ஊருக்கு வந்தான். முதல் ஆட்டமே தன் பழைய கல்லூரிக்கு எதிராக, அதிலேயே விரல் முறிந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினீர்கள், நீ போனில் அழுதாய். கை சரியானதும் என்ன ஆனது? அந்த சீசனில் பந்து எறிகிற திறமைக்கான பாஸர் ரேட்டிங்கில் நாட்டிலேயே முதலிடம். டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன்) அணியோடு அலமோ பௌலில் இடைவேளைக்கு ஆரிகன் 31-0 முன்னிலை. இனிமேல் என்ன இருக்கிறது என்று நீ தோசை வார்க்கப் போனாய். ஆடம்ஸ் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்ததை அரைடிக்கெட் ஓடிவந்து சொன்னபோது உன் கையில் கரண்டி. மூன்று ஓவர்டைம், 47-41, டிசியு ஜெயித்தது. அன்று அந்தப் பக்கம் எழுந்து வந்த பிராம் கோல்ஹௌசனும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு வந்தவன்தான். கருகின தோசையை எல்லோருமாகத் தின்றோம்.

அடுத்த வருஷம் மொன்டானா ஸ்டேட்டிலிருந்து டகோட்டா புருக்காப். அதே வழி, அதே நம்பிக்கை. ஐந்து ஆட்டம் ஆடினான். ஆறாவது ஆட்டத்துக்கு உங்கள் ஊரிலேயே வளர்ந்த ஒரு முதலாமாண்டுப் பையனை இறக்கினார்கள், ஜஸ்டின் ஹெர்பர்ட். புருக்காப் மோசமான ஆள் இல்லை. அவன் போய் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தான் என்பதுதான் விஷயம். அதை எந்த வீடியோ காட்டும்?

இந்த ஒரு மாதமாக நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், வசந்தி வேறு பேச்சே கிடையாதா என்கிறாள். ஒன்று மட்டும் தெளிவாகிறது: கையின் பலத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. டிவிஷன் 2-இல் பந்து பிடிப்பவன் காவலைக் கழற்றிவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எறியலாம். எஸ்இசி மாதிரிப் பெரிய லீகில் அவன் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். இது பழகக்கூடியது. ஆனால் யாராவது பழக்க வேண்டும், பழகுகிற வரை பொறுக்க வேண்டும். உங்கள் அப்பா தென்னங்கன்று வாங்கப் போனால் "தாய்மண் உதிராமல் தூக்குங்கடா" என்று நம்மை விரட்டுவாரே, அதுதான் ஞாபகம் வருகிறது. வார்ட் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குத் தனியாகப் போகவில்லை. இன்கார்னேட் வேர்டில் அவனைக் கண்டெடுத்த எரிக் மாரிஸ் அங்கே அஃபென்ஸ் பார்க்கப் போனார், இவனும் கூடவே போனான். பள்ளியில் அதிகம் எறியவே விடாத பையன், 2025-இல் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் முதல் ஆளாக எடுக்கப்பட்டான். பாவியா வாண்டர்பில்ட்டுக்குப் போனபோது நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் கோச்சுகள் ஜெர்ரி கில்லும் டிம் பெக்கும் அங்கே போயிருந்தார்கள். 2024 அக்டோபரில்தான் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று அடித்து, கோல் போஸ்டைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். பெய்லி ஸாப்பி ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து வெஸ்டர்ன் கென்டக்கிக்குப் போனதும் அப்படித்தான், கோச்சையும் பந்து பிடிப்பவர்களையும் சேர்த்து வீட்டோடு குடிபோன மாதிரி. 2021-இல் 62 டச்டவுன் எறிந்தான். கோச் சிக்னெட்டி இன்னும் ஒரு படி மேலே, ஜேம்ஸ் மாடிசன் அணியில் முக்கியமான ஒரு கூட்டத்தையே பெயர்த்துக்கொண்டு இண்டியானாவுக்குப் போனார். இரண்டே வருஷம், போன திங்கட்கிழமை தேசிய சாம்பியன்.

உடனே நீ கேட்பாய், சாம்ப்ளிஸ் யாரோடு போனான்? யாரோடும் இல்லை. ஆடம்ஸும் தனி. ரூர்க்கும் தனிதான், கிழிந்த முழங்காலோடு அந்த சீசன் முழுக்க ஆடினான் என்பது பிறகுதான் வெளியே வந்தது. என் சித்தாந்தத்தில் ஓட்டை இருக்கிறது, தெரியும். ஆனால் இந்த மூன்று பேரிலும் ஒன்றைப் பார். எவனும் இரண்டு வருஷத்தில் ஓடி வரவில்லை. சாம்ப்ளிஸ் ஃபெரிஸில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஆடி, கோப்பையைக் கையில் வாங்கிவிட்டுக் கிளம்பினான். ரூர்க் ஒஹாயோவில் தன் லீகின் சிறந்த ஆட்டக்காரன் என்று பேர் வாங்கியவன். இவர்கள் எல்லாம் இருந்த இடத்தில் முழுசாக இருந்தவர்கள்.

இப்போது காலம் அப்படியா? 2021 வரை இடம் மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் உட்கார வேண்டும். அதே 2021-இல் உட்கார வேண்டாம் என்றார்கள், ஜூலையில் விளம்பரம் வழியாகக் காசும் வாங்கலாம் என்றார்கள். போன வருஷத்திலிருந்து கல்லூரியே நேராகக் கொடுக்கிறது. நியாயம்தான், உழைக்கிறவனுக்குக் காசு வேண்டாமா. ஆனால் சின்னக் கல்லூரி கோச்சை நினைத்துப் பார். ஒருத்தனை வளர்த்து ஆளாக்கினால் சீசன் முடிந்ததும் அவன் போய்விடுவான் என்று தெரிந்தே முதல் நாள் பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். கார்த்திக்கைக் கேட்டு வந்த கோச் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். போகும்போது தண்ணீர் குடிக்க சமையலறைக்குள் வந்தவர் அந்தத் தாளைப் பார்த்தார். அம்புக்குறி, வெற்றுக்கட்டம், எல்லாம். ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்திருந்த காந்தத்தை நேராக வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, சேகர். பையன் தோற்றுவிடுவானோ என்ற பயம் இல்லை. அந்த மனிதர் முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. தாளில் ரூர்க்குக்கும் சாம்ப்ளிஸுக்கும் நடுவே இடம் இருந்தது, அங்கே புருக்காப் என்று எழுதி, மொன்டானா ஸ்டேட்டிலிருந்து ஆரிகனுக்கு அம்புக்குறி போட்டு, "5 ஆட்டம்" என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பக்கத்தில் பென்சிலில் கார்த்திக் கையெழுத்து: "அந்த வருஷம் டிஃபென்ஸே சரியில்லை. 4-8. இவன் என்ன பண்ணுவான்?" தேடிப் படித்திருக்கிறான். என்னைவிட அவனுக்கு அந்த சீசன் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு, "ஹெர்பர்ட் வந்ததும் முதல் ஆட்டம் 70-21 தோல்விப்பா, அதை ஏன் எழுதல?" என்றான். வாயை மூடிக்கொண்டேன். தாளைக் கிழிக்கவில்லை, புருக்காப் பெயரை அடிக்கவும் இல்லை. அது ஒரு நல்ல குறிதான் என்று வசந்தி சொல்கிறாள்.

நீ அவனோடு பேச வேண்டும். நான் சொன்னால் அப்பா புத்திமதி, நீ சொன்னால் சேகர் மாமா பேச்சு. புருக்காப்பை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. அந்த ஐந்து ஆட்டம் எப்படி இருந்தது, அப்புறம் சைடுலைனில் அவன் எப்படி நின்றான், அதைச் சொல். போகாதே என்று சொல்லச் சொல்லவில்லை. போகிறவன் போகட்டும். அந்த வெற்றுக்கட்டத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு நான்கு வருஷம் இருக்கப்போகிற மாதிரி அந்த ஊருக்குப் போய் இறங்கு என்று மட்டும் சொல்ல முடியுமா பார். படித்த கிரெடிட்டில் கொஞ்சம் அடுத்த கல்லூரியில் செல்லாமல் போகலாம் என்பதையும் காதில் போட்டு வை. போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு ஒருத்தரும் கூப்பிடாமல் நிற்கிற பையன்களுக்குப் பிரிட்ஜில் தாள் கிடையாது என்று நான் சொன்னேன், முறைத்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் கூப்பிடு. உனக்கு மாலை ஆறு என்றால் இங்கே ஒன்பது, சாப்பிட்டு முடித்திருப்பான். ஹெர்பர்ட்டைப் பற்றி ஆரம்பித்துவிடாதே, உன்னால் நிறுத்த முடியாது. தோசைக் கதை அவனுக்குத் தெரியும், அரைடிக்கெட் போன கோடையில் வந்தபோது நடித்தே காட்டிவிட்டான்.

அரிசி எந்தக் கடை?

உன்,
முத்து