எந்த சார்ஜர் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சார்ஜ் போட்டபடி செல்போனில் பேசியவர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற செய்தி அவ்வப்போது உங்கள் நாளிதழில் வருகிறது. எந்த சார்ஜர் என்று மட்டும் அதில் இருப்பதில்லை. முப்பத்திரண்டு வருடமாக டிவி, எஸ்.எம்.பி.எஸ். (சார்ஜர், கம்ப்யூட்டர் போன்றவற்றுக்குள் இருக்கும் பவர் சப்ளை) சர்வீஸ் செய்பவன் நான். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

போன மாதம் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர், "அண்ணே, வெறுங்காலோட போனைத் தொட்டா சுர்ருங்குது" என்று ஒரு சார்ஜரை நீட்டினார். பிரித்தேன். உள்ளே நுழையும் 230 வோல்ட், டயோடைத் தாண்டியதும் 325 வோல்ட் டிசி ஆகிவிடும். அந்தப் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் போர்டில் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இதில் ஓர் அரிசியின் அகலம்கூட இல்லை. டிரான்ஸ்பார்மரில் இரு பக்கத்துக் கம்பிச் சுருளுக்கும் நடுவே இன்சுலேஷன் டேப் ஒரே ஒரு சுற்றுதான். இரு பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் ஷார்ட் ஆகாதபடி சோதித்துத் தயாரிக்கும் 'ஒய்' கெபாசிட்டர் இருக்க வேண்டும். அங்கே சாதாரண டிஸ்க் கெபாசிட்டரைப் பற்றவைத்திருந்தார்கள். அது ஷார்ட் ஆனால் வீட்டுக் கரன்ட் நேராகக் கைக்கு வரும். சார்ஜரைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை, வயரை நறுக்கிப் போட்டுவிட்டேன்.

எல்லாச் 'சுர்'ரும் இப்படி அல்ல. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றால், பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை என்று பொருள். அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு ஒய் கெபாசிட்டர் உண்டு. எர்த் கிடைக்காதபோது கேபினெட் பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். பாயும் கரன்ட் ஒரு மில்லி ஆம்பியரைத் தொடாது. பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை வெட்டுவதும், செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்வதும், சில மெக்கானிக்குகள் அந்தக் கெபாசிட்டரையே பிடுங்குவதும் இதற்கு வழி அல்ல. எர்த் குழியைப் பாருங்கள். கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடுங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு சாவு நடந்தால், உங்கள் நிருபர் அந்த சார்ஜரையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். இரட்டை இன்சுலேஷனைக் காட்டும் சதுரத்துக்குள் சதுரக் குறி இருக்கிறதா, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா, என்ன விலைக்கு எங்கே வாங்கினார்கள் என்பதையும் செய்தியில் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
திண்டுக்கல்.