ஜாப் கார்டில் சொன்னதை எழுதுங்கள்: வாரண்டிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் வாரண்டிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

"பேட்டரி உப்பியிருக்கு. அது எங்க கம்பெனி பொருள் இல்ல, பேட்டரிக்காரங்ககிட்ட கேளுங்க." பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிபையர் கெட்டுவிட்டது, வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்று ஒருவர் கேட்ட கிளெய்மைத் திருப்பி அனுப்ப உங்கள் டீலர் சொன்ன காரணம் இது. பேட்டரிக்காரரோ மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி ஓவர்சார்ஜ் செய்கிறது, பேட்டரியில் தவறில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தாளை டீலர் கையில் வாங்கக்கூட மறுக்கிறார்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வண்டிக்காரர் சொல்லும் குறையை சர்வீஸுக்கு வண்டியை விடும்போது போடும் ஜாப் கார்டில் அவர் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். கிளெய்மை மறுப்பதானால், காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ரெக்டிபையர் எப்படிக் கெடும் என்று உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு யாராவது எடுத்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் காயிலில் இருந்து வரும் ஏசியை டிசியாக்கி, சுமார் 14.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் பிடிப்பது அதன் வேலை. ஷன்ட் வகையில், மிஞ்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிட்டுத்தான் அளவைப் பிடிக்கும். அந்த வேலையில் அதுவே கொதிக்கும். காற்றுப் படாத மூலையில் அதை மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பல யூனிட்டுகள் ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறியதும் பிசகுகின்றன.

சர்வீஸ் சென்டரில் நடப்பது என்ன? காலையில் விட்ட வண்டியை மாலையில் ஸ்டார்ட் செய்து, ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை முறுக்காமல், ரெண்டு நிமிடம் மீட்டரைப் பிடிக்கிறார்கள். 13.8 வோல்ட் காட்டுகிறது. "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு." அரை மணி நேரம் ஓட்டி, இன்ஜின் சூட்டோடு 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் பார்த்தால்தான் 15.5, 16 என்று ஏறுவது தெரியும். யூனிட்டைக் கழற்றி மீட்டரின் டயோடு மோடில் பார்த்துத் தேறிவிட்டது என்று சொல்வதும் பதிலாகாது. ஏசியை டிசியாக்கும் டயோடு நன்றாக இருந்தும், வோல்டேஜைப் பிடிக்கும் ரெகுலேட்டர் பகுதி கெட்டிருக்கலாம்.

அடுத்த சாக்கு, "எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருக்கீங்க." ஐயா, கூடுதல் லைட் வோல்டேஜைக் கீழே இழுக்கும், 16க்குத் தூக்கிவிடாது. சார்ஜ் ஏறாத வண்டிக்கு இதைச் சொன்னாலாவது கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, "பேட்டரி கொதிக்குது, லாங் போனா பல்பு போகுது" என்று சொல்லிவிட்ட வண்டிக்கு ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவது. குறை வாரண்டிக்குள்ளேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. அதில் குறை பதிவாகாவிட்டால், இரண்டு முறை அலையவிட்டு, மூன்றாம் முறை "வாரண்டி முடிஞ்சிருச்சே சார்" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அதற்குள் அதே ஓவர்சார்ஜில் மீட்டர் போர்டும் போனால், அது ரெக்டிபையரைவிடப் பெரிய செலவு. அதையும் வண்டிக்காரர் தலையிலேயே கட்டுகிறீர்கள். காசு கொடுத்து மாற்றினாலும் பழைய யூனிட்டைத் திருப்பித் தருவதில்லை. சோதிக்கக் கொடுக்கவும் அவரிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இத்தனைக்கும் வண்டி வெளியே வருவதற்குள் "கம்பெனியில இருந்து போன் வரும், பத்துக்குப் பத்து போட்டுருங்க சார்" என்று கெஞ்சல் மட்டும் தவறுவதில்லை. மதிப்பெண்ணைப் பதிவு செய்ய இருக்கும் அக்கறை குறையைப் பதிவு செய்யவும் இருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை. ஷோரூம் வாசலில் வாரண்டி வருடங்கள் ஆளுயர எழுத்தில்; எதற்கெல்லாம் கிடையாது என்பது புத்தகத்தின் கடைசியில் எறும்பு எழுத்தில். சரி, அது தனி வழக்கு.

வழக்கு என்றதும் ஒன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டிக்காரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆணையமே பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அங்கெல்லாம் போக யாருக்கும் ஆசை இல்லை. ஒரு ரெக்டிபையருக்காக வேலையை விட்டுவிட்டு அலைய எத்தனை பேரால் முடியும்? அது உங்களுக்கும் தெரிந்திருப்பதுதான் எங்கள் வருத்தம்.

ஆகவே, தயவுசெய்து எல்லா டீலர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். குறையைச் சொன்னபடி ஜாப் கார்டில் எழுத வேண்டும். இன்ஜின் சூடான பிறகு ஐடிலிலும் 5000 ஆர்பிஎம்மிலும் எடுத்த வோல்டேஜைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். காசு வாங்கி மாற்றினால் பழைய யூனிட் வண்டிக்காரர் கைக்கு வர வேண்டும். பேட்டரிக்காரர் எழுதிக் கொடுத்த அந்தக் கிளெய்மையும் மறுபடி எடுத்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை ஓட்டுபவர்களும், அதைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகளும்