கன்ட்ரோலர் அதிர்வுக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்: லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்குகிறவர்களுக்குத் திறந்த மடல்

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் டெஸ்க்டாப்களுக்காக உழைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். செட்டிங்ஸில் மவுஸுக்கும் டச்பேடுக்கும் வேகம் முதலாக எத்தனையோ வைத்திருக்கிறீர்கள். கேம் கன்ட்ரோலரின் அதிர்வை அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். நான் பயன்படுத்திய டெஸ்க்டாப் எதிலும் அது இல்லை.

இது யாருக்குத் தேவை என்று கேட்பீர்கள். என் சித்தப்பா பல வருஷமாகப் பவர் டில்லர் ஓட்டுகிறவர். குறுவை, சம்பா, தாளடி என்று சேற்றுழவு தொடங்கிவிட்டால் கைப்பிடியை விட நேரமிருக்காது. ராத்திரியில் விரல் மரத்துவிடும். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "சூடே தெரியலடா" என்பார். அதிரும் கருவியை நெடுங்காலம் பிடித்தவர்களுக்கு விரல் நரம்பும் ரத்தக்குழாயும் பழுதாவது மருத்துவம் அறிந்த சங்கதிதான். அவருக்குப் பேத்தியோடு கார் ரேஸ் ஆடப் பிடிக்கும். வண்டி சுவரில் உரசியதும் கன்ட்ரோலர் உறுமும். "வயல்ல பட்டது பத்தாதா" என்று கீழே வைத்துவிடுவார்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் ஒரே இடத்தில் அதிர்வை நிறுத்திவிடலாம். லினக்ஸில் ஆட்டத்துக்கு ஆட்டம் தேட வேண்டும். சிலவற்றின் மெனுவில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஸ்டீம் என்ற ஆட்டக் கடைச் செயலியில் நிறுத்தினால் ஸ்டீமுக்கு வெளியே ஓடும் ஆட்டத்துக்குச் செல்லாது. புளூடூத் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால் எக்ஸ்பேட்நியோ என்ற டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை நிறுவி, அதிர்வைத் தணிக்கும் அளவை 100 என்று மோட்புரோப் என்ற டிரைவர் அமைப்புக் கோப்பில் எழுதினால் அடங்கும். டில்லர்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், வசதி லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. சாதாரணக் கன்ட்ரோலருக்குள் இரண்டு சின்ன மோட்டார்கள், ஒன்று கனமாக அதிர, மற்றது லேசாக அதிர. ஆட்டம் ஒவ்வொரு மோட்டாருக்கும் 0 முதல் 65535 வரை ஓர் அளவை அனுப்பும். எக்ஸ்பேட் போன்ற டிரைவர்களில் அந்த அளவை 'கெயின்' என்ற இன்னோர் எண்ணால் தணித்துத்தான் கர்னல் மோட்டாருக்கு விடுகிறது. கெயின் பூஜ்யமானால், ஆட்டம் எவ்வளவு கத்தினாலும் மோட்டார் அசையாது. மதகு இருக்கிறது, ஷட்டர் சாவிதான் மதகு திறக்கும் லஸ்கரிடம்.

கெயினை மாற்ற 'எஃப்எஃப்செட்' என்ற கட்டளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டினால் கெயின் மறுபடி முழு அளவுக்குப் போய்விடும். எங்கள் ஊரில் கரண்ட் போய் வரும் லட்சணத்துக்கு இதைத் திரும்பத் திரும்ப யார் அடிப்பது? இடையில் ஓர் ஆட்டமே அதை மாற்றி வைக்கவும் கூடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பயனரின் விருப்பத்தை நினைவு வைத்துப் போடக்கூடிய இடம் டெஸ்க்டாப்தான்.

ஜாய்ஸ்டிக் உங்கள் பொறுப்பில் வரவில்லை என்பதும் தெரியும். மவுஸையும் கீபோர்டையும் கவனிக்கும் லிபின்புட் என்ற நிரல் அதைத் தொடுவதில்லை, ஆட்டங்கள் கருவியை நேரே திறந்துகொள்கின்றன. ஸ்டீமும், ஆட்டங்கள் பயன்படுத்தும் எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பும் சில கன்ட்ரோலர்களுக்கு ஹெச்ஐடிரா என்ற நேர்வழியில் கெயினைத் தாண்டியே கட்டளை அனுப்புகின்றன. அதற்கு அவர்களோடும் பேசி ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கும், நாளாகட்டும். முதலில் கெயினுக்குக் கட்டுப்படுகிற கன்ட்ரோலர்களுக்காவது செய்யுங்கள். சுவிட்சோடு ஒரு ஸ்லைடரும் இருந்தால் பாதி அதிர்வு போதும் என்பவர்களுக்கும் ஆகும். அணுகல்வசதிப் பக்கத்திலும் அது தெரியட்டும்.

என்னிடம் ஒயர் வைத்தது ஒன்றும் புளூடூத் ஒன்றும் இருக்கின்றன. சோதனைப் பதிப்பு வந்தால் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்கிறேன். அந்தப் பக்கத்தின் தமிழாக்கத்தையும் என்னிடமே விடுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடிப் பக்கத்து லினக்ஸ் பயனர்