நம்ம ஊர் பேர் கொண்ட சுறா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பாண்டிச்சேரி சுறான்னு ஒரு சுறா இருக்கு, 1839லயே விஞ்ஞானிகள் பதிவு பண்ணது, உலகம் பூரா மியூசியங்கள்ல இருக்கிறது இருபதுக்கும் கம்மி, உறுதியா கிடைச்ச கடைசி மீன் 1979ல. 2001ல இருந்து வனவிலங்கு சட்டத்துல புலிக்குச் சமமா முதல் அட்டவணையில இருக்கு, ஆனா கரையில யாருக்கு அதோட முகம் தெரியும்?

போன வாரம் ஹார்பர்ல கூடையில முழ நீளத்துக்குக் குட்டிச் சுறாவா குவிஞ்சு கெடந்துச்சு, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு. இது என்ன சுறா அக்கான்னு கேட்டா "எல்லாம் பால் சுறா தான் தம்பி, புட்டுக்கு நல்லாருக்கும்"ங்கிறாங்க. அவங்க மேல தப்பே இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கலையே. சுறா மத்த மீன் மாதிரி லட்சக்கணக்குல முட்டை போடாது, இந்த இனமெல்லாம் சில குட்டிங்க தான் ஈனும், அதுவும் வலையில போயிட்டா அப்புறம் எங்க பெருகுறது?

பாண்டிச்சேரி சுறாவுக்கு மூக்கு நீளமா கூரா இருக்கும், பக்கத் துடுப்பு, முதுகுல ரெண்டாவது துடுப்பு, வால் இதெல்லாம் நுனியில கறுப்பா இருக்கும். மீன்வளத்துறை இந்தச் சுறாவோட படத்தைப் பெருசாப் போட்டு ஒவ்வொரு ஏலக்கூடத்துலயும் மாட்டணும், சந்தேகம்னா போட்டோ அனுப்ப ஒரு வாட்ஸ்அப் நம்பரும் குடுக்கணும்.

- ஒரு வாசகர், புதுச்சேரி