எடுத்து வைத்தது திரும்ப வருமா?

திருப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மதுரைக்கும் திருப்பூருக்குமாக அலைந்ததில் பதில் தள்ளிப் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டு அவிழ்த்ததும் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியைத் தானாகவே படித்துக் காட்டினார். அப்புறம் உன்னைத்தான் விசாரித்தார். "ஹாஸ்டல்ல இருந்து வந்தா ஏழு தோசை சாப்பிடுவானே, அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று. உன் சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள் என்றேன், நம்பவே மாட்டேன் என்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் மெயில் சர்வரான ஜிம்ப்ராவை உன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள், மெயில், காலண்டர், முகவரிப் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் நடந்ததை முதலில் படி. உன்னிடம்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. போனஸ் வாங்கிக்கொண்டு டெய்லர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பியாயிற்று. ராத்திரி 11 மணிக்கு மெயில் சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் போய்விட்டது. போகும்போது டிஸ்க்கில் இருந்ததையும் குழப்பிவிட்டுப் போனது. அப்போதுகூட நான் பயப்படவில்லை. தினமும் நள்ளிரவு 1 மணிக்கு, மாறிய ஃபைல்களை மட்டும் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் ஓடி, ஜிம்ப்ராவின் முழு ஃபோல்டரும் இன்னொரு மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக ஒரு எரர் கிடையாது. தினமும் காலையில் அந்த "முடிந்தது" மெயிலைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

புது மெஷின், அதே லினக்ஸ், அதே ஜிம்ப்ரா பதிப்பு, அதே சர்வர் பெயர். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சுமார் 400 ஜிபி திரும்ப ஏறி முடிக்க விடிந்துவிட்டது. ஸ்டார்ட் கொடுத்தேன். கணக்குப் பட்டியலான எல்டாப் எழுந்தது, டேட்டாபேஸான மரியாடிபி எழவில்லை. லாகைத் திறந்தால், டேட்டாபேஸ் பக்கங்களில் பதிந்திருக்கும் வரிசை எண், லாக் ஃபைலில் உள்ள எண்ணுக்கு முன்னால் ஓடியிருக்கிறது என்று வரி வரியாகப் புலம்பல்.

என்ன நடந்தது என்றால், ஜிம்ப்ரா ஒரு மெயிலை ஒரே இடத்தில் வைப்பதில்லை. மெயிலின் உடல் டிஸ்க்கில் தனி ஃபைல். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, படித்தாயிற்றா இல்லையா என்பதெல்லாம் மரியாடிபியில். யார் யாருக்குக் கணக்கு, என்ன பாஸ்வேர்டு என்பது எல்டாப்பில். தேடுவதற்கான இன்டெக்ஸ் வேறு. நான் சர்வரை நிறுத்தாமலே காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். நம் குடோனை நினைத்துக்கொள். பண்டில்களை 1 மணிக்கு எண்ணுகிறாய், ஸ்டாக் ரிஜிஸ்டரை 3 மணிக்கு ஜெராக்ஸ் எடுக்கிறாய், நடுவில் இரண்டு லாரி வந்து போயிருக்கிறது. எண்ணிக்கையும் ரிஜிஸ்டரும் எப்படி ஒத்துப்போகும்? அதிலும் மரியாடிபியின் ஃபைல்கள் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும். ஒரே ஃபைலுக்குள்ளேயே முன்பாதி ஒரு நேரத்தது, பின்பாதி இன்னொரு நேரத்தது. மூன்று வருஷமாக அதைத்தான் பேக்கப் என்று வைத்திருந்தேன்.

உடைந்த டேட்டாபேஸை வலுக்கட்டாயமாக எழுப்பும் ஃபோர்ஸ் ரெக்கவரியை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஞாயிறு மதியம் டேட்டாபேஸ் ஒரு வழியாக எழுந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் ஒரு டம்ப் ஃபைலாக வெளியே எடுத்துப் புதிய டேட்டாபேஸில் ஏற்றினேன். இரண்டு பேருடைய மெயில்பாக்ஸ் மட்டும் உடைந்தே வந்தது. அதில் ஒன்று, ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சீனியர் மெர்ச்சண்டைசர் அக்காவுடையது. ஒரு பையரின் ஃபிட் கமென்ட்ஸ், அதாவது அளவுத் திருத்தங்கள், அந்த வாரம்தான் வந்திருந்தது, திங்கள்கிழமை கட்டிங் போக வேண்டும். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திட்டவில்லை. "ஸ்டைல் நம்பர் சொல்றேன் தம்பி, தேடிப் பாருங்க" என்றார். மெயிலின் உடல் சாதாரண எழுத்து ஃபைல்தானே, டிஸ்க்கில் அந்த நம்பரை வைத்து க்ரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டேன். இருபது நிமிஷம் திரை அசையவே இல்லை. பிறகு ஒரு வரி வந்தது. சப்ஜெக்டில் அதே நம்பர். அக்கா என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மற்ற மெயில்களையும் அப்படியே பொறுக்கி எடுத்து, புதிய மெயில்பாக்ஸில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். நான்கு நாள் ஆயிற்று. தீபாவளிக்கு நான் வீட்டில் இல்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி டம்ப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. அவர்களுடைய டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். டம்ப் எடுக்கும் கருவி அதன் 9.2 பதிப்பு, சர்வரோ 9.6. பதிப்பு பொருந்தாமல் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்தான் காப்பாற்றியது. அதன் பிறகு வந்த டேட்டா போனது போனதுதான். அவர்கள் இதை ஒளிக்காமல் வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள். தீபாவளி கழிந்து அதைப் படித்தபோது, நான் தனியாள் இல்லை என்று பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். ஜிம்ப்ராவின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் பேக்கப் வசதி கூடவே வரும், ஓடும்போதே எடுக்கலாம். உங்கள் கல்லூரியில் எது என்று முதலில் பார். இலவசப் பதிப்பு என்றால் என் வழிதான். சர்வர் ஓடும்போதே ஒருமுறை ஆர்சிங்க். பிறகு ஜிம்ப்ரா சேவைகளை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை. பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டதால் இரண்டாவது சீக்கிரம் முடியும். எங்களுக்கு 15 நிமிஷத்துக்குள் முடிகிறது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் மெயில் தொலைந்துவிடும் என்று உங்கள் கல்லூரி முதல்வர் பயப்பட்டால், அனுப்பும் சர்வர் அதை வைத்திருந்து மறுபடி முயலும் என்று சொல்.

எல்டாப்பின் டேட்டா ஃபைல் ஒன்று உன்னை ஏமாற்றும். பட்டியலில் 80 ஜிபி என்று காட்டும், உள்ளே நிஜமாக இருப்பது சில எம்பிதான். மிச்சமெல்லாம் வெற்றிடம். ஆர்சிங்கில் ஸ்பார்ஸ் ஆப்ஷன் போடாவிட்டால் அந்த வெற்றிடத்தையும் சேர்த்து எழுதி, பேக்கப் டிஸ்க்கை நிரப்பிவிடும். நான் ஸ்கிரிப்டில் போட்டிருக்கிறேன், எடுத்துவிடாதே.

அப்புறம், மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை ஒரு காலி மெஷினில் முழுதாக ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றும் முன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுவேன். ஏன் தெரியுமா? பேக்கப்போடு அன்றைக்குக் க்யூவில் காத்திருந்த மெயில்களும் கூடவே வரும். சோதனை மெஷின் எழுந்த உடனே, நான்தான் மெயில் சர்வர் என்று நினைத்து அவற்றை இன்னொரு தடவை பையருக்கு அனுப்பிவிடும். எந்தப் பெயர் எந்த மெஷின் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வர் பெயரை அந்த மெஷினுக்கே திருப்பிவிட்டு, ஸ்டார்ட் கொடுத்து, மூன்று பேரின் மெயில்பாக்ஸைத் திறந்து, முந்தைய நாள் மெயிலில் ஒரு அட்டாச்மென்டைக் கையால் திறந்து பார்ப்பேன். திறந்தால்தான் டைரியில் டிக். அந்த மூன்றில் ஒன்று எப்போதும் மெர்ச்சண்டைசர் அக்காவுடையது.

ஒரு காப்பி எங்கள் சாயமேற்றும் டையிங் யூனிட்டில் வைத்திருக்கிறேன், ஏழு கிலோமீட்டர் தள்ளி. 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஒரு கட்டடமே எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. உன் கல்லூரியில் இரண்டு பிளாக் இருக்கிறதே, முதலில் அடுத்த பிளாக்கிலாவது ஒரு காப்பி வை.

ஸ்கிரிப்டைத் தனியாக அனுப்புகிறேன். ஆனால் அதை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக உட்காராதே. பழைய டெஸ்க்டாப் ஒன்று, 1 டிபி டிஸ்க் இரண்டு ஏற்பாடு செய். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் திருச்சி வருகிறேன். முதல் ரீஸ்டோரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்வோம். அம்மா உனக்கு இட்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறார், அதையும் கொண்டுவருகிறேன். முதல்வரின் மெயில்பாக்ஸ் எத்தனை ஜிபி என்று மட்டும் இந்த வாரம் பார்த்துச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்